அறிவொளி ஆண்டும் எங்கள் ஒன்பதாம் வகுப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் விழாவில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

கல்வியின் சிறப்பைப் பற்றி உரையாற்றுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. அதனால் இம்முறை அதை விடுத்து, ஓர் ஆண்டைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். அது 1991 ஜூன் முதல் 1992 ஏப்ரல் வரையிலான கல்வியாண்டு. அப்போது நாங்கள் இவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். முப்பத்தெட்டுப் பேர் பயின்றோம். அவர்களுள் ஐவர் மாணவியர். ஐவருள் ஒருவர் மட்டுமே நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். அவ்வகுப்பின் தோழர்கள் நால்வர் இன்று உங்கள் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் மீன் வியாபாரி. ஒருவர் சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்ற இருவரும் பக்கத்துத் தெருக்களைச் சேர்ந்த மாற்று மதச் சகோதரர்கள். நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் அவர்களுக்கு நன்றி. நாம் எதையேனும் மறந்தாலோ மிகைப்படுத்தினாலோ, எழுந்து திருத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கடிதம் வாசிக்கும் பிள்ளைகள்

அந்த ஆண்டை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய ஆண்டைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கு வாழ்ந்த இந்தியர்கள் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேருக்கும் மேல், ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நம்மூர்ச் சபுராளிகளும் அவர்களுள் இருந்தார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்திறங்கியவர்கள், அம்முறை ஒரு கைப்பையோடு வந்தார்கள். சிலர் அதுவும் இல்லாமல் வந்தார்கள். போர் ஓய்ந்தபின், வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து, சவூதிக்கும் துபாய்க்கும் மலேசியாவுக்கும் மீண்டும் புறப்பட்டார்கள். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தபோது, ஊரில் ஆண்கள் குறைந்து கடிதங்கள் பெருகியிருந்தன.

அந்தக் கடிதங்களை வாசித்தவர்கள் நாங்கள். இன்றைய பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். ஓரங்களில் சிவப்பும் நீலமும் பட்டை போட்ட ஏர்மெயில் உறையைத் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டிலுள்ள பெண் அதை முந்தானையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் வரை வாசலில் காத்திருப்பார். நாங்கள் தெருவில் நுழைந்ததும், “தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போ” என்று குரல் வரும். ஒரு கடலை மிட்டாய்க்கோ நாலணாவுக்கோ நாங்கள் ஒரு குடும்பத்தின் உள்ளறைக்குள் நுழைந்தோம். எந்த வீட்டில் எவ்வளவு கடன், எந்த நகை எந்த அடகுக் கடையில் இருக்கிறது, எந்த மாமியாருக்கும் எந்த மருமகளுக்கும் பேச்சு இல்லை என்பனவெல்லாம் பதினான்கு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். ஒரு கணவன் தன் மனைவிக்கு எழுதிய அன்புச் சொல்லை, மூக்கு ஒழுகும் ஒரு சிறுவனின் வாயிலிருந்து கேட்க வேண்டிய நிலையில் நம் தாய்மார்கள் இருந்தார்கள். அந்தச் சொல் வரும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏன் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

எங்களுள் ஒருவன் கடிதம் வாசிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் பெற்றிருந்தான். குரல் கணீரென்று இருக்கும். எந்தக் கிறுக்கல் எழுத்தையும் தடுமாறாமல் வாசிப்பான். 1991 ஆகஸ்டில் ஒரு மாலை, அடுத்த தெருவிலிருந்த மாமி ஒருவர் அவனை அழைத்துக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அவருடைய கணவர் குவைத்திலிருந்து திரும்பி, மீண்டும் சவூதி சென்றவர். ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர் வேலை என்று ஊரார் நம்பியிருந்தார்கள். திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, அவன் உரக்க வாசித்தான். சொன்ன வேலை கிடைக்கவில்லை; ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன்; ஏஜெண்டின் வட்டிக்கு உன் கழுத்துச் சங்கிலியை வைத்துப் பணம் கொடு; உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்பது கடிதத்தின் செய்தி. பாத்திரம் கழுவுகிறேன் என்ற இடம் வந்ததும் அவன் சிரித்துவிட்டான். திண்ணையில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மறுநாள் அது எங்கள் வகுப்பில் பரவியது. அம்மனிதரின் மகன் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவனை நாங்கள் எந்தப் பெயரிட்டு அழைத்தோம் என்பதை இந்தப் புனிதமான இடத்தில் சொல்ல வேண்டாம். மாலைக்குள் மாமியின் அண்ணன் காதுக்கும் செய்தி எட்டி, அவர் வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார். மாமி ஒரு சொல்லும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையையும் கடிதம் வாசிக்க அழைக்கவில்லை.

அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்

அந்த நாள்களில்தான் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியிருந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியிலும், கேரள மாநிலம் முழுவதும் 1991 ஏப்ரல் 18 அன்றும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டன. அதே பாதையில், 1991 ஜூலையில் நம் மாவட்டத்திலும் பணி தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்கு ஊக்கமாக நின்றார்கள். அரசு அலுவலர்களும் ஆசிரியர்களும் அறிவியல் இயக்கத்தாரும் ஊதியமில்லாத் தொண்டர்களும் ஒன்றுசேர்ந்து உழைத்தார்கள். ஊர் ஊராகத் தெரு நாடகக் குழுக்கள் வந்தன. நம் சந்தைத் திடலில் அவர்கள் பறையடித்து நாடகம் போட்ட இரவு, ஊரே திரண்டிருந்தது.

முதலில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. எங்கள் தமிழாசிரியர் தொண்டர்களோடு எங்களையும் அனுப்பி வைத்தார். யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கேட்டு எழுத வேண்டும். இங்கேதான் எங்களுக்கு முதல் பாடம் கிடைத்தது. ஒரு வீட்டில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் திருக்குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். “தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டோம். “தெரியாது” என்றார். தெரியாது என்று எழுதிக்கொண்டோம். பிறகு அவர் உள்ளே சென்று, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய நூல் ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, தமிழிலேயே வாசிக்கத் தொடங்கினார். எழுத்து அரபு எழுத்து. மொழியோ நம் தமிழ்.

அரபுத்தமிழைப் பற்றி இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழின் ஒலிகளுக்கு ஏற்ப அரபு எழுத்துகளில் குறியீடுகளைக் கூட்டி, தமிழை அவற்றால் எழுதும் முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்டங்களை அம்முறையில் எழுதினார்கள். அவருடைய ‘மகானி’ நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில் இருந்த நூல். வெளியே பள்ளிக்கூடம் செல்லாத எத்தனையோ பெண்கள் அவ்வெழுத்தில் படித்தார்கள். ஆகவே, நம் தாய்மார்கள் எழுத்தே அறியாதவர்கள் அல்லர். ஆனால் பேருந்தின் பெயர்ப் பலகையும், ரேஷன் அட்டையும், வங்கிப் படிவமும், கணவரின் கடிதமும் அவர்கள் அறிந்த எழுத்தில் இல்லை. தம் மொழியிலேயே அவர்கள் அந்நியராக நின்றார்கள்.

வகுப்புகள் தொடங்கியபின் அதன் விளைவையும் கண்டோம். சிலேட்டில் தம் பெயரை எழுதச் சொன்னால், சில தாய்மார்களின் கை தானாகவே வலப்பக்கம் சென்று, அங்கிருந்து இடப்பக்கம் நோக்கி எழுதத் தொடங்கும். பிறகு அவர்களே சிரித்துக்கொண்டு அழிப்பார்கள்.

பாடநூல் மூன்று பகுதிகளாக இருந்தது. ‘அ, ஆ’ என்று தொடங்கும் அரிச்சுவடி அல்ல அது. பட்டா, படி என்பன போன்ற வாழ்க்கைச் சொற்களிலிருந்து எழுத்துக்குச் செல்லும் முறை. பகல் முழுவதும் கருவாடு காயவைத்தும் வயலில் நாற்று நட்டும் களைத்தவர்களுக்கு, இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. சில தாய்மார்கள் சிலேட்டை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுவார்கள். யாரும் அவர்களை எழுப்ப மாட்டார்கள்.

பள்ளிவாசல் முற்றத்தில் எழுந்த கேள்வி

நம் தெருப் பெண்கள் வகுப்புக்குச் செல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. சொல்லிக்கொடுக்க வந்த தொண்டர் மாற்று மதத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தங்கள் வீட்டுப் பெண்களின் கண்ணியத்தைக் குறித்து அவர்கள் கவலைப்பட்டார்கள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு நடந்தது. அப்போதைய இமாம் அவர்கள் மிகவும் முதியவர். அதிகம் பேசாதவர். அவர் இரண்டு வரலாறுகளை மட்டும் நினைவுபடுத்தினார்.

ஒன்று, ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் நடந்த பத்ருப் போருக்குப் பின் நிகழ்ந்தது. பிணைத்தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிரே நின்றவர்கள். மற்றொன்று, அன்னை ஹஃப்ஸா நாயகி அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா என்னும் பெண்மணி என்ற செய்தி. இவற்றைச் சொல்லிவிட்டு, “எதிரியிடம் படிக்கலாம் என்று இருக்கும்போது, அண்டை வீட்டுப் பிள்ளையிடம் படிக்கக்கூடாதா?” என்று கேட்டு எழுந்துவிட்டார். அந்த வாரமே வகுப்பு தொடங்கியது.

முதல் நாள் வந்தவர்கள் ஆறு பேர். அவர்களுள் முதல் ஆளாக வந்து சிலேட்டைக் கேட்டு வாங்கியவர், கதவைச் சாத்திக்கொண்ட அந்த மாமி.

முதலிடத்தில் இருந்தவர்

இனி எங்கள் வகுப்பில் பயின்ற நம் மஹல்லாவின் ஒரே மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தத் தேர்விலும் அவரே முதலிடம். கணக்கில் எங்கள் ஆசிரியருக்கே மாற்று வழி காட்டியவர். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து 1991 அக்டோபரில் பள்ளி திறந்தபோது, அவருடைய இடம் காலியாக இருந்தது. அவருடைய வாப்பா குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர். வயதுக்கு வந்த பெண், சம்பந்தம் பேசுகிறார்கள், படித்தது போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தமிழாசிரியர் ஒரு நாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்று பேசினார். தேநீர் அருந்திவிட்டுத் திரும்பி வந்தார்.

அவ்வளவுதான். மிச்சமிருந்த முப்பத்தேழு பேரும் ஒன்றும் செய்யவில்லை. வாப்பாவிடமோ ஜமாஅத்திடமோ சென்று கேட்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு. நாங்கள் கேட்கவில்லை என்பதே உண்மை. அரையாண்டுத் தேர்வில் முதலிடம் வேறொருவனுக்குக் கிடைத்தது. கடிதம் வாசித்துச் சிரித்த அதே மாணவனுக்கு. அவனுக்கு ஓர் அகராதியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவன் பெருமிதத்தோடு பெற்றுக்கொண்டான். அது எவருடைய இடம் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

பள்ளியிலிருந்து நின்ற அந்தப் பெண்பிள்ளை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. தொண்டர் சகோதரிக்கு வேறொரு தெருவில் வகுப்பு ஒதுக்கப்பட்டபோது, நம் தெரு வகுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். பதினான்கு வயதுப் பிள்ளை, தன் உம்மாவின் வயதொத்தவர்களுக்கு ஆசிரியர் ஆனார். வீட்டுக்குள்ளேயே நடக்கும் வகுப்பு என்பதால் எவரும் தடுக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் அவரிடம் படித்தார்கள். நம் வீடுகளின் பழைய ரேஷன் அட்டைகளிலும் வங்கிக் கணக்குப் புத்தகங்களிலும் கைநாட்டு மறைந்து கையெழுத்து தோன்றிய இடத்தைப் பார்த்தால், அந்தப் பிள்ளையின் உழைப்பு தெரியும்.

சைக்கிள் வந்த கதை

அந்த ஆண்டில் நம் மாவட்டம் நாடெங்கும் பேசப்பட்டதற்குச் சைக்கிளும் ஒரு காரணம். எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அறிவொளியார் தீர்மானித்தார்கள். பேருந்துக்காக மணிக்கணக்கில் காத்திருந்த பெண், தானே சந்தைக்குச் சென்று திரும்பலாம். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு செல்லலாம். பெண்களுக்கான சைக்கிள்கள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிள்களிலேயே பழகினார்கள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே கம்பி இருப்பதால், பிள்ளையை உட்கார வைக்க அதுவே வசதி என்று பலர் அதையே விரும்பினார்கள். பின்னர் யுனிசெஃப் நிறுவனம் அறிவொளியின் பெண் தொண்டர்களுக்கு ஐம்பது மொபெட்டுகள் வழங்கியது.

எங்கள் வகுப்புக்கு இதனால் பெரும் தொல்லை. வாடகைக் கடையில் சைக்கிள் கிடைக்கவில்லை. வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தால், ராத்தா பழகுவதற்கு எடுத்துச் சென்றிருப்பார். விழுந்து எழுந்த பெண்களைப் பார்த்துக் கேலி செய்தோம். எங்களுள் ஒருவர் தம் உம்மா சைக்கிள் பழகக்கூடாது என்று சங்கிலியைக் கழற்றி வைக்கோற்போரில் ஒளித்து வைத்தார். அவர் இன்று முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய உம்மா சங்கிலியைத் தேடி எடுத்து, தாமே மாட்டிக்கொண்டு ஓட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பின்னாளில் அந்தத் தாய்தான் அவரைத் தனியார் மருத்துவமனைக்கு அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு சென்றவர்.

1992 மார்ச் 8, உலக மகளிர் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று புதுக்கோட்டை நகரில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியை ஒலித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் சென்றார்கள். அது ரமளானின் முதல் வாரம். நம்மூரிலிருந்து சென்ற இரு தாய்மார்களும் நோன்பு நோற்றபடியே சென்றார்கள். இஃப்தாருக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே கவலை. திரும்பினார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் நம் மாவட்டத்துக்கு வந்து, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பற்றி எழுதினார்கள். அக்கட்டுரையின் மொழிபெயர்ப்பு, மத்தியக் கல்வித் திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் நம் தாய்மார்களைப் படித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை.

ஒட்டப்பட்ட உறை

ரமளான் முடிந்து பெருநாள் கழிந்த சில நாள்களில் நடந்தது இது. தேர்வு நேரம். நாங்கள் பள்ளிவாசல் சுவரோரம் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். அந்த மாமி தெருவில் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கடித உறை. சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டு, ஓரத்தில் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. முகவரியின் ஆங்கில வரிகளைத் தபால் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொள்வார் போலும். உறையின் மேல் அது இன்னும் எழுதப்படவில்லை. எங்களைக் கடக்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தபால் நிலையத்தை நோக்கி நடந்து சென்றார்.

அவர் கணவருக்கு எழுதிய முதல் கடிதம் அது. அதில் என்ன எழுதியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. இன்றுவரை ஊரில் எவருக்கும் தெரியாது. அது தெரியாமற் போனதே அவர் பெற்ற கல்வி என்று பிற்காலத்தில் விளங்கிக்கொண்டோம். எழுத்தறியாதவருக்கு இரகசியம் என்று ஒன்று இல்லை. அவருடைய துக்கமும் கடனும் அன்பும் பிறர் வாயில் இருக்கும். அந்த வாய் எப்படிப்பட்டதோ, அப்படியே அவருடைய மானமும். எட்டு மாதங்கள் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து, அந்த மாமி தம் மானத்தைப் பிறர் வாயிலிருந்து மீட்டுக்கொண்டார்.

1992 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கோட்டை மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் பத்தாம் வகுப்புக்குச் சென்றிருந்தோம். பிறகு முப்பத்தேழு பேரும் முப்பத்தேழு திசையில் பிரிந்தோம். சிலர் கடலுக்கு, சிலர் கடல் கடந்து. ஒருவன் அரபுக் கல்லூரிக்கு.

அந்த ஒருவன்

கடிதம் வாசித்துச் சிரித்தவனும், காலியான இடத்தின் பரிசைப் பெற்றவனும், அரபுக் கல்லூரிக்குச் சென்றவனும் ஒருவனே. பெரியோர்களே, அவன் இப்போது உங்கள் முன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏழாண்டு ஓதி, அமானிதத்தைப் பற்றிப் பல ஊர்களில் பயான் செய்துவிட்டு, சொந்த ஊருக்கே இமாமாக வந்தபோது, அந்த மாமியின் இளைய மகளுக்கு நிகாஹ் ஓதி வைக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பதிவேட்டில் மணமகள் அழகிய கையெழுத்திட்டார். சடங்குகள் முடிந்து புறப்படும்போது, மாமியிடம் அந்தப் பழைய மாலையைக் குறித்து மன்னிப்புக் கேட்டோம். அதுவரை நம்மை “ஹஜரத்” என்று அழைத்து வந்தவர், அப்போது மட்டும் மாற்றி அழைத்தார்.

“நீ வாசிச்சதுல குத்தமில்ல, தம்பி. நாந்தானே குடுத்தேன். நீ சிரிச்சே பாரு, அதுதான்” என்றார். பிறகு, “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மாமி பிறகு சில ஆண்டுகளில் மறைந்தார்கள். அவர்களுடைய மறுமை வாழ்வை இறைவன் சிறப்பாக்கி வைப்பானாக.

எங்கள் வகுப்புத் தோழியோ வெளியூரில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். இந்த உரைக்காக அவருடைய அனுமதியைக் கேட்டிருந்தோம். “பெயரைச் சொல்ல வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாப் படிவத்திலும் ‘ஒன்பதாம் வகுப்பு வரை’ என்றுதான் இத்தனை காலமும் எழுதி வருகிறேன். உண்மையில் அதிலும் பாதிதான்” என்று பதில் அனுப்பியிருந்தார். அவர் படிப்பித்த தாய்மார்கள் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றார்கள். படிப்பித்தவருக்குச் சான்றிதழ் இல்லை. அறிவொளி எங்கள் உம்மாமார்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. அந்த ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமாக இருந்தோம். நாம் கொடுக்கவில்லை.

இன்றைக்கு வேண்டுவது

மாணவச் செல்வங்களே! கடிதங்கள் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு முதியவர்களின் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, முதியோர் உதவித்தொகை, மருத்துவமனைப் பரிசோதனைத் தாள், ஓ.டி.பி. எண் ஆகிய எல்லாவற்றுக்கும், “தம்பி, கொஞ்சம் பாரு” என்று அவர்கள் உங்களையே அழைக்கிறார்கள். நாங்கள் அமர்ந்திருந்த திண்ணையில் இன்று நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் படுவது எல்லாம் அமானிதம். மெதுவாக வாசியுங்கள். வாசித்ததை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். தெரியாததைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்கும். கேட்டுக்கொண்டிருப்பவர் சொல்கிறோம்.

அதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களுக்காக நீங்கள் செய்து கொடுப்பது உதவி. அவர்களே செய்யும்படி கற்றுக்கொடுப்பது கல்வி. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், மதரஸா அறையில் ஆண்களுக்கும், பெண்கள் மதரஸாவில் பெண்களுக்கும் இதற்கென அமரலாம். எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தோழர்கள் நால்வரும் முதல் வாரத்திலிருந்தே வருவதாக வாக்களித்திருக்கிறார்கள்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டும் நம் மஹல்லாவில் ஏதேனும் ஒரு வீட்டில், படித்தது போதும் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். வறுமையாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம். பெற்றோரை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையின் இடம் வகுப்பில் காலியானால், அந்த வாரத்திற்குள் ஜமாஅத்தின் சார்பில் இருவர் அவ்வீட்டுக்குச் சென்று, என்ன தடை என்று கேட்க வேண்டும் என்பதை நம் நடைமுறையாக வைத்துக்கொள்வோம். பணம் தடையானால் அதற்குத்தானே இந்த நிதி. போக்குவரத்து தடையானால் வழி காண்போம். ஒரு ஆசிரியர் தனியாகச் சென்று தேநீர் அருந்திவிட்டுத் திரும்பும் நிலை மீண்டும் வேண்டாம். 1991 அக்டோபரில் அவரோடு ஊர் சென்றிருக்க வேண்டும்.

அந்த அகராதி இன்னும் நம்மிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. உள்ளே பரிசு பெற்றவன் பெயர் மை மங்காமல் இருக்கிறது. இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் நம் மஹல்லாவில் முதலிடம் பெற்ற மாணவிக்கு, உதவித்தொகையோடு ஒரு புதிய அகராதியை எங்கள் வகுப்பின் சார்பில் இன்று வழங்குகிறோம். அதன் முதல் பக்கத்தில் எவருடைய பெயரையும் நாங்கள் எழுதவில்லை. அதைப் பெறும் மாணவியே தம் கையால் எழுதிக்கொள்ளட்டும்.

நம் தாய்மார்கள் பட்ட பாட்டை அவன் ஏற்றுக்கொள்வானாக. நம் பிழைகளைப் பொறுப்பானாக. நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.